அம்புலன்ஸில் போக என்ன படிப்பு வேண்டும்?

கேள்வி: மூதூரில் இருந்து ஒரு தாய், 2 ஜூன் 2024

"மகன் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறான். 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வேகமாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு என்ன படிப்பு, அதை ஓட்டோக்காரரும் செய்வார்தானே என்று அவனுடைய வாப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விளங்கப்படுத்துங்கள்."

2 ஜூன், இரவு

வாப்பா சொல்வதில் பாதி உண்மை. வயிற்றுக்குள் குருதி ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு ரோட்டில் வைத்துச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அவருக்கு வேண்டியது சத்திரசிகிச்சைக் கூடம், அங்கே வேகம்தான் உயிர். மூச்சு நின்றவருக்கு அப்படியில்லை. மூளைக்கு ஒக்சிசன் போகாமல் நான்கைந்து நிமிடம் கடந்தால் சேதம் தொடங்கிவிடும். மூதூரில் இருந்து எந்த வண்டி நான்கைந்து நிமிடத்தில் திருகோணமலைக்கு வரும்? கிண்ணியாப் பாலமும் மற்றப் பாலங்களும் வந்து பாதை திறந்ததன் அருமை, லோஞ்சுக்குக் காத்திருந்த காலத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் தூரம் தூரம்தான்.

நான் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, வருகிறவர்களை வண்டியில் இருந்து இறக்கி எடுத்தவன். ஒரே மாதிரி விபத்து, ஏறக்குறைய ஒரே தூரம். ஒருவர் முனகிக்கொண்டு வருவார், மற்றவர் நீலம் பாரித்து வருவார். வழியில் பக்கத்தில் யார் இருந்தார் என்பதில்தான் பல தடவை வித்தியாசம் கிடந்தது. மோட்டார் சைக்கிளால் விழுந்து மயங்கியவரை ஓட்டோவின் பின் இருக்கையில் இருத்தி, தாடை நெஞ்சில் முட்ட, இரண்டு பக்கமும் இரண்டு பேர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பாசத்தோடுதான் பிடித்திருப்பார்கள். தலையில் பட்ட அடி தப்பக்கூடிய அடியாக இருக்கும், மூச்சுப்பாதை மடங்கியதால் ஆள் போய்விடுவார். தாடையை முன்னுக்கு உயர்த்திப் பிடிக்க இரண்டு கை போதும். அந்தக் கைகளுக்குத்தான் படிப்பு.

3 ஜூன்

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு, "அதை முதலுதவி வகுப்பிலேயே சொல்லித் தருவார்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சொல்லித் தருவார்கள்தான். ஆனால் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் மூடியை வைத்துப் பையை அமுக்கினால் காற்றுப் போகும் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். மூடி விளிம்பில் காற்று ஒழுகாமல் ஒரு கையால் பிடிக்கப் பழகுவதற்கே நாட்கள் எடுக்கும். தாடி வைத்த முகம், பல் இல்லாத முதியவரின் உள்ளே விழுந்த கன்னம், குழந்தையின் சின்ன முகம், ஒவ்வொன்றுக்கும் பிடி வேறு. பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். இதையெல்லாம் குலுங்குகிற வண்டிக்குள் இருந்து செய்ய வேண்டும்.

5 ஜூன்

சேவை எப்போது வந்தது, எங்கே படிப்பிக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

2016 ஜூலை 28 அன்று இந்திய நன்கொடையில் கிடைத்த 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் ஹைதராபாத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். அங்கே 108 சேவை 2005இலேயே ஓடத் தொடங்கியிருந்தது. 2018இல் இங்கே தனிச் சட்டம் வந்தது. அப்புறம் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்து, 297 வண்டிகள் ஆகின. வண்டியில் இரண்டு பேர், ஓட்டுபவரும் அவசர மருத்துவ உதவியாளரும். காசு இல்லை. அதற்கு முன்னர் எங்கள் மாவட்டத்தில் அம்புலன்ஸ் என்றால் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிற வண்டிதான். வீட்டில் ஆள் விழுந்தால் வேன் வைத்திருப்பவரின் கதவைத் தட்ட வேண்டும்.

பிள்ளை மேலே படிக்க விரும்பினால் உலகத்தில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. அமெரிக்காவில் அடிப்படை நிலைக்கு நூற்றைம்பது மணித்தியாலம் அளவில் படிப்பு, அதற்கு மேலான பரமெடிக் நிலைக்கு 1000 மணித்தியாலத்துக்கு மேல். பிரித்தானியாவில் 2021இல் இருந்து பரமெடிக் பதிவுக்கான படிப்பைப் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்திவிட்டார்கள். இவர்களெல்லாம் வண்டியை ஓட்டத் தெரியாதவர்களா என்று வாப்பாவிடம் கேளுங்கள்.

7 ஜூன்

இன்று மழை, வெளியே போகவில்லை. ஒரு பாம்புக்கடியைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் படிப்பு என்றால் என்ன என்று எனக்கே அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

கந்தளாய்ப் பக்கத்து வயல் காவல் குடிசையில் பாய் போட்டுப் படுத்தவர். விடியப்புறம் வயிற்று வலி என்று எழும்பியிருக்கிறார். கடித்த அடையாளம் இல்லை, வீக்கம் இல்லை. வயிற்று வலிக்கு வீட்டில் கொடுப்பதைக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கண் செருகத் தொடங்கியது. இரவு முழுக்க முழித்தவர், நித்திரை வருகிறது என்று விட்டிருக்கிறார்கள். பிறகு பேச்சுக் குழறியது, பயந்துபோய் 1990க்கு அடித்தார்கள்.

வந்தது ஒரு சின்னப் பெடியன். இமை விழுவதைப் பார்த்தான், நிலத்தில் படுத்தார் என்று கேட்டான், கட்டுவிரியன் என்று முடிவெடுத்தான். கண்ணாடி விரியன் கடித்தால் வீங்கும், வலிக்கும், பல் முரசில் இருந்து குருதி வரும், யாருக்கும் தெரியும். கட்டுவிரியன் இரவில் நித்திரையில் இருப்பவரைக் கடிக்கும், வலி பெரிதாக இராது, நஞ்சு நரம்பில் வேலை செய்து தசைகளைச் செயலற்றதாக்கும். கடைசியில் மூச்சுத் தசையும் நிற்கும். வழியிலேயே மூச்சு நின்றது. அந்தப் பெடியன் அம்பு பையால் காற்றுக் கொடுத்துக்கொண்டே வந்தான். இறக்கும்போது அவனுடைய கை நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. நோயாளியைச் செயற்கைச் சுவாசக் கருவியில் போட்டோம். சில நாளில் தானாக மூச்செடுத்தார், பிறகு நடந்தே வீட்டுக்குப் போனார்.

நஞ்சு முறிவு மருந்து ஒரு துளி கூட இல்லாத வண்டி அது. காற்று மட்டும் கொடுத்து ஓர் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தான். ஓட்டோ அதைவிட வேகமாக வந்திருக்கலாம், ஆள் உயிரோடு வந்திருக்க மாட்டார்.

8 ஜூன்

பாம்பு கடித்தால் கட்ட வேண்டுமா என்று நிறையக் கேள்வி. கட்ட வேண்டாம். வெட்ட வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கல் வைக்க வேண்டாம். மோதிரம், வளையல், காப்பைக் கழற்றுங்கள். கடித்த கையையோ காலையோ முறிந்த எலும்பை வைப்பது போல மட்டை வைத்து அசையாமல் பிடியுங்கள், ஆளை நடக்க விடாதீர்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. தூர நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள்.

12 ஜூன்

கிண்ணியாவில் ஓட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுவந்திருப்பார்கள்?" என்கிறார்.

அவர் சொல்வது நியாயம். 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் அடித்தது. அன்றைக்கு ஆட்களை ஏற்றி இறக்கியது உழவு இயந்திரங்களும் லொறிகளும் ஓட்டோக்களும்தான். சீருடை போட்டவர்கள் வந்து சேர்ந்தது பிறகு. இன்றைக்கும் ஒரு விபத்து நடந்தால் முதலில் நிற்பவர் சந்தியில் ஓட்டோ வைத்திருப்பவர்.

அதனால்தான் சொல்கிறேன், நல்ல அம்புலன்ஸ் சேவை வேண்டும் என்றால் ஓட்டோ நிறுத்தத்திலும் வகுப்பு நடத்த வேண்டும். ஒரு பின்னேரம் போதும். குருதி பீறிடும் காயத்தில் சுத்தமான துணியை வைத்து உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்துவது. அழுத்தியும் நிற்காத கை, கால் காயத்துக்கு மேலே, மூட்டில் படாமல், அகலமான பட்டியால் இறுக்கிக் கட்டி நேரத்தைக் குறித்து வைப்பது. மயங்கியவரைப் பக்கவாட்டில் கிடத்துவது. மூச்சில்லாதவரின் நெஞ்சை அழுத்துவது.

இதில் எனக்கு மனம் நோகிற ஒன்று உண்டு. பாம்பு கடித்த காலில் எங்கள் ஆட்கள் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு வருவார்கள். மீன் பிடிக்க வீசும் டைனமைட்டில் கை போய்க் குருதி பீறிடும் மீனவரைத் துவாயால் சும்மா சுற்றிக்கொண்டு வருவார்கள். கட்டக்கூடாத இடத்தில் கட்டு, கட்ட வேண்டிய இடத்தில் துவாய். டைனமைட் என்றால் இன்னொரு சிக்கல், பொலிஸுக்குப் பயந்து 1990க்கு அடிக்கவே மாட்டார்கள். படகிலேயே நேரம் போய்விடும். சட்டம் தன் வேலையைச் செய்யட்டும், உயிர் முதலில்.

15 ஜூன்

நிலாவெளி, உப்புவெளி, மார்பிள் பீச். விடுமுறை வந்தால் யாரோ ஒருவர் மூழ்கிய செய்தி வரும். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அதற்குப் பிறகும் மூழ்கியவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கையால் செய்து பழக்குகிறோமா?

கரையில் நான் கண்டவை: காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, வள்ளத்தின் விளிம்பில் கவிழ்த்துப் போடுவது. இவை ஒன்றும் நுரையீரலுக்குக் காற்றுக் கொடுக்காது. வயிற்றில் உள்ளதை மேலே கொண்டுவந்து மூச்சுக்குழாய்க்குள் தள்ளும், விலைமதிப்பில்லாத நிமிடங்களைத் தின்னும்.

மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று. தொலைக்காட்சியில் காட்டுவது பெரும்பாலும் மாரடைப்பில் விழுந்தவருக்கானது, அங்கே நெஞ்சழுத்தத்தோடு தொடங்கலாம். மூழ்கியவரின் குருதியில் ஒக்சிசனே தீர்ந்திருக்கும். ஆகவே வாயோடு வாய் வைத்து ஐந்து மூச்சு, பிறகு முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, முப்பது, இரண்டு. அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, வளர்ந்தவர் என்றால் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும்.

16 ஜூன்

நேற்று எழுதியதை இன்று காலையில் திரும்ப யோசித்தேன். "வாயோடு வாய் வைக்க எனக்கு மனம் வராது" என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அப்படியானால் அழுத்தத்தை மட்டுமாவது செய்யுங்கள், சும்மா நிற்காதீர்கள். ஆனால் கரையில் வேலை செய்பவர்கள், ஹோட்டல்காரர், படகோட்டிகள், உயிர்காப்பாளர்கள், இவர்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுக்கப் பழகுவது அவர்களுடைய தொழிலோடு சேர்ந்தது. ஒவ்வொரு படகிலும் மூச்சுக் கொடுக்க உதவும் ஒரு முகமூடி இருக்கலாம், சட்டைப்பைக்குள் அடங்கும்.

23 ஜூன்

கடலில் நின்றதால் சங்குக்கும் கடலட்டைக்கும் முங்குகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அம்புலன்ஸ் படிப்பு எல்லா ஊருக்கும் ஒரே பாடமாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

சிலிண்டரோடு ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு வேகமாக மேலே வந்தால், குருதியில் கரைந்திருந்த நைதரசன் குமிழியாகும். மூட்டு வலிக்கும், தோல் கடிக்கும், சிலருக்குக் கால் இரண்டும் உணர்வில்லாமல் போகும், சிறுநீர் போகாது. வீட்டில் அதை வாதம் என்பார்கள், எண்ணெய் பூசுவார்கள். கூட முங்குகிறவர்கள் "திரும்ப இறக்கினால் சரியாகும்" என்று மீண்டும் கடலுக்குள் இறக்குவார்கள். குளிர், களைப்பு, கீழே மயங்கினால் பார்க்க ஆளில்லை. அதில் இன்னும் மோசமானவர்களை நான் கண்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியது: ஆளை மட்டமாகக் கிடத்தி, முடிந்தவரை நூறு வீதத்துக்குக் கிட்ட ஒக்சிசன் கொடுத்து, காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை செய்யும் அழுத்த அறைக்குக் கொண்டுபோவது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அப்படி ஓர் அறை இருக்கிறது. கொழும்பில் படித்த, கண்டியில் வேலை செய்த உதவியாளருக்கு "முங்கினீர்களா?" என்று கேட்கத் தோன்றாது. இங்கே அது முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில் ஓர் இளைஞனின் இரண்டு கால்கள் இருக்கின்றன.

1 ஜூலை

மகனுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன், மூதூர்த் தாய் அவனிடம் காட்டட்டும்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம், 1967. அந்த நாளில் அங்கேயும் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம், பொலிஸ் வண்டியோ பிரேத வண்டியோ கொண்டுபோகும். பீட்டர் சபார் என்ற மயக்கமருந்து நிபுணர், வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துச் சுமார் 300 மணித்தியாலம் பயிற்சி கொடுத்தார். ஃப்ரீடம் ஹவுஸ் அம்புலன்ஸ் என்று பெயர். இவர்களுக்கு என்ன படிப்பு வரும் என்று ஊர் கேட்ட பையன்கள் வீதியிலேயே மூச்சுக்குழாய் போட்டார்கள், இதயத்தின் மின்னோட்டத்தைப் படித்தார்கள். 1970களின் நடுவில் நான்சி கரோலைன் என்ற இளம் டொக்டர் அவர்களுக்கு மருத்துவப் பொறுப்பாளராக வந்தார். அவர் அலுவலகத்தில் இருந்து உத்தரவு போடவில்லை, வண்டியில் ஏறிக் கூடவே போனார், ஒவ்வோர் அழைப்பையும் பிறகு அவர்களோடு பேசினார். அவர் எழுதிய பாடத்திட்டம் அந்த நாட்டுக்கே அடித்தளமானது. நகர நிர்வாகம் 1975இல் அந்தச் சேவையை மூடியது. அது தனிக் கதை, கசப்பான கதை.

நான் அதில் பிடித்துக்கொண்டது "ஒவ்வோர் அழைப்பையும் பிறகு பேசினார்" என்பதைத்தான்.

2 ஜூலை

அதே நேரத்தில் இது வந்து சேர்ந்தது. கிழக்கில் வேலை செய்யும் ஓர் இளம் உதவியாளர், பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்:

"நாங்கள் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறோம். அந்த ஆள் பிழைத்தாரா, நான் நினைத்தது சரியா, நான் செய்தது உதவியா, ஒன்றும் தெரியாது. ஒருமுறை உள்ளே போய்க் கேட்டேன், வெளியே போகச் சொன்னார்கள்."

இந்த இழையில் நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த நாலு வரியில் இருக்கிறது. தான் தைத்த சட்டையை ஆள் போட்டு ஒருநாளும் பார்க்காத தையல்காரர் வெட்டை எப்படித் திருத்துவார்? நாங்கள் உதவியாளருக்குப் பயிற்சி கொடுக்கிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம், அனுப்புகிறோம். அவர் செய்ததன் பலனை மட்டும் அவரிடம் இருந்து மறைத்து வைக்கிறோம். பக்கவாதம் என்று நினைத்துக் கொண்டுவந்தவருக்கு உண்மையில் குருதியில் சீனி குறைந்திருந்தது என்று அவருக்குத் தெரிந்தால், அடுத்த தடவை விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார். வாயுக் குத்து என்று வீட்டார் சொன்னதை நம்பிக் கொண்டுவந்த அம்மாவுக்கு மாரடைப்பு என்று தெரிந்தால், பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரும் என்பது பாடமாக இல்லாமல் அனுபவமாகப் பதியும்.

அந்தக் கட்டுவிரியன் பெடியனுக்கு நான் அடுத்த வாரம் போன் எடுத்து "ஆள் வீட்டுக்குப் போய்விட்டார்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டான்: "நான் காற்றுக் கொடுத்த வேகம் சரியா?" நிமிடத்துக்கு எத்தனை என்று சொன்னான், அது கொஞ்சம் அதிகம். சொல்லிக் கொடுத்தேன். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் அவன் படித்தது எந்த வகுப்பிலும் கிடைத்திருக்காது.

9 ஜூலை

டொக்டர் ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார். நோயாளியின் விவரம் இரகசியம், வாட்டில் ஆளில்லை, நேரமில்லை, யார் இதைச் செய்வது என்கிறார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்களும் தாதிகளும் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது எனக்கும் தெரியும். வாட்டில் இரண்டு பேரின் வேலையை ஒருவர் செய்கிறார்.

அவருடைய முதல் காரணத்தை நான் மதிக்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். "நீங்கள் செவ்வாய் இரவு கொண்டுவந்தவர்" என்றால் போதும், கொண்டுவந்தவருக்குத் தெரியும். சிகிச்சைச் சங்கிலியில் அவரும் ஒருவர், வெளியாள் இல்லை.

இரண்டாவதைப் பற்றி நாள் முழுக்க யோசித்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நான் எழுதியது போலத் தோன்றுகிறது. அது நடக்காது, வேண்டியதும் இல்லை. மாதத்துக்கு ஒரு பின்னேரம், அரை மணித்தியாலம், நாலைந்து ஆட்களின் கதை. அம்புலன்ஸ் உதவியாளர்கள், ஓட்டுபவர்கள், அவசரப் பிரிவுத் தாதிகள், ஒரு டொக்டர். தேநீர் நான் கொண்டுவருகிறேன். குற்றம் பிடிக்கும் கூட்டமாக அது மாறினால் இரண்டாம் மாதமே யாரும் வரமாட்டார்கள், ஆகவே நடத்துகிறவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

10 ஜூலை

மாதக் கூட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மருத்துவ அறிவு பழசாகிவிடும். நெஞ்சு வலி என்றால் உடனே ஒக்சிசன் என்றுதான் எனக்குப் படிப்பித்தார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். 2015இல் அவுஸ்திரேலியாவின் மெல்பர்ன் பகுதியில் அம்புலன்ஸ்காரர்களே சேர்ந்து செய்த ஆய்வு, ஒக்சிசன் அளவு சரியாக உள்ள மாரடைப்பு நோயாளிக்கு மேலதிகமாகக் கொடுப்பதில் பலனில்லை, இதயத் தசைச் சேதம் கூடவும் கூடும் என்று காட்டியது. இப்போது விரலில் கருவியை மாட்டி ஒக்சிசன் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் மட்டும் கொடுக்கிறார்கள். அஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று தின்னக் கொடுப்பது மாறவில்லை, ஒவ்வாமையும் குருதிக் கசிவும் இல்லையா என்று கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

சான்றிதழில் உள்ள திகதிக்குப் பிறகு மாறியதை யார் அவர்களுக்குச் சொல்வது? மாதக் கூட்டம் அதற்கும் உதவும்.

20 ஜூலை

மொழி. சேருவிலவில் இருந்து ஒருவரும் புல்மோட்டையில் இருந்து ஒருவரும் ஒரே நாளில் மொழிச் சிக்கலைப் பற்றி எழுதியதால் இது.

இரவில் ஒரு வீட்டுக்குச் சிங்களம் பேசும் உதவியாளர் வருகிறார். உம்மா விழுந்து கிடக்கிறார், பிள்ளைகள் தமிழில் அழுகிறார்கள். எப்போது தொடங்கியது என்பதுதான் அங்கே பெரிய மருந்து. பக்கவாதத்தில் குருதிக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதுவும் படம் எடுத்துப் பார்த்த பிறகு. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற பதில் விளங்காவிட்டால், ஊசி இருந்தும் போட முடியாது. அதேபோல மொறவெவவில் ஒரு சிங்கள வீட்டுக்கு எங்கள் தமிழ்ப் பிள்ளை போனால் அதே நிலைதான். ஆகவே இந்த மாவட்டத்தில் வேலை செய்ய வருகிற எல்லோருக்கும் மற்ற மொழியில் ஓர் இருபது கேள்வியாவது பாடமாக வேண்டும்: எப்போது, எங்கே வலி, என்ன மருந்து எடுக்கிறார், சீனி இருக்கிறதா, என்ன குடித்தார், பிள்ளைத்தாய்ச்சியா, முங்கினாரா. கேட்கப் பழகினால் போதாது, வரக்கூடிய பதில்களையும் காதால் பிடிக்கப் பழக வேண்டும். மூதூர் மகனுக்குச் சிங்களம் வராவிட்டால் இப்போதே தொடங்கட்டும், நேர்முகப் பரீட்சைக்காக இல்லை, நோயாளிக்காக.

புல்மோட்டைக்காரர் தூரத்தைப் பற்றிக் கேட்ட மற்றதும் முக்கியம். அவருடைய ஊர் திருகோணமலை நகரத்தில் இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். வண்டி வருவதற்கும் நேரம், போவதற்கும் நேரம். அங்கே இருக்கும் உதவியாளருக்கு நகரத்து உதவியாளரைவிடக் கூடப் பயிற்சி வேண்டும், குறைய இல்லை. அவர்தான் நோயாளியோடு நீண்ட நேரம் தனியாக இருக்கப் போகிறவர். வழமையில் அனுபவம் கூடியவர் நகரத்துக்கு மாற்றம் கேட்டு வந்துவிடுவார், புதியவர் தூரத்துக்குப் போவார். இதைத் திருப்பிப் போட வேண்டும், அதற்குத் தூர இடத்துச் சம்பளமும் தங்குமிடமும் மரியாதையாக இருக்க வேண்டும்.

28 ஜூலை

மூதூர்த் தாய் எழுதியிருக்கிறார். மகன் விண்ணப்பம் போட்டுவிட்டான். அழைப்பு வரும்வரை என்ன படிக்கலாம் என்று கேட்கிறார்.

உடற்கூறு: இதயம், நுரையீரல், மூளை, இவை ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பது. உயர்தரத்தில் உயிரியல் படித்திருந்தால் பாதி தெரியும். செஞ்சிலுவை அல்லது சென் ஜோன்ஸ் நடத்தும் முதலுதவி வகுப்பில் சேரட்டும். உடம்பைத் தேற்றட்டும், படியில் இருந்து ஆள் தூக்குவது முதுகைத் தின்னும். வீட்டில் எல்லோருடைய நாடித்துடிப்பையும் மூச்சையும் எண்ணிப் பழகட்டும், சுகமாக இருப்பவரின் எண்ணிக்கை கைக்குத் தெரிந்தால்தான் வருத்தக்காரருடையது உறைக்கும். அப்புறம், இறந்துபோனவரின் வீட்டாரோடு எப்படிப் பேசுவது என்று பெரியவர்களிடம் கேட்கட்டும். அந்த வேலையும் அவனுக்கு வரும், அதற்கு யாரும் வகுப்பு வைப்பதில்லை.

3 ஓகஸ்ட்

பெயர் வேண்டாம் என்ற அந்த இளம் உதவியாளர் மறுபடி எழுதிக் கேட்டபடி, நோயாளியை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டிய ஒழுங்கை எழுதிவிடுகிறேன். வயது. எத்தனை மணிக்கு நடந்தது. எப்படி நடந்தது. என்ன காயம் அல்லது வருத்தம். நாடி, மூச்சு, அழுத்தம், சீனி, நினைவு. நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்கு ஆள் எப்படி மாறினார். ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கலாம். அந்த நிமிடத்தில் உள்ளே இருப்பவர்கள் கை வைக்காமல் காதைக் கொடுக்க வேண்டும், நோயாளிக்கு மூச்சும் துடிப்பும் இருக்கும்வரை. இதை நான் பணியில் இருந்தபோது புதிதாக வந்த தாதிகளுக்கு முதல் வாரத்திலேயே பழக்குவேன்.

இதை எழுதிக் கொடுக்கும் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, கீழே இரண்டு வரி வெறுமையாக விடுங்கள்: "இறுதியில் கண்டறிந்த வருத்தம்" என்று ஒன்று, "எங்களுக்குச் சொல்ல விரும்புவது" என்று மற்றது. ஒரு பிரதி வண்டியில், ஒரு பிரதி அவசரப் பிரிவில் ஒரு பெட்டிக்குள். நிரப்ப நேரம் உள்ளவர் நிரப்பட்டும். மாதக் கூட்டத்துக்கு அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தால் பேசுவதற்குக் கதை இருக்கும்.

மறுத்து எழுதிய டொக்டர் நேற்று மறுபடி எழுதினார். மாதக் கூட்டத்துக்குத் தன் பிரிவில் ஓர் அறை கேட்டுப் பார்க்கிறாராம், ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் ஒரு பின்னேரம். கிண்ணியா ஓட்டோச் சகோதரரையும் கூப்பிடச் சொன்னேன். திகதி கிடைத்ததும் இங்கே போடுகிறேன்.